மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடக்கும்போதே அக்குள் கணு டெஸ்ட்: அம்மாவுக்கு எப்படி இருந்துச்சு, 5க்கு 4 ஸ்டார்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், இப்பதான் மனசு வந்துச்சு. அம்மாவுக்கு கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆச்சு. ஆஸ்பத்திரி பேர் போடல, நல்லதும் சொல்லப்போறேன் குறையும் சொல்லப்போறேன், அதுல பாதிக்கு மேல எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நீங்க பாக்கப்போற விஷயம்தான். நான் எழுதறது மொத்த ட்ரீட்மென்ட்ட பத்தி இல்ல, ஒரே ஒரு சர்வீஸ பத்தி: தியேட்டர்ல ஆள் மயக்கத்துல இருக்கும்போதே அக்குள்ல இருந்து நிணநீர் கணுவ (லிம்ஃப் நோடுன்னு சொல்வாங்க) எடுத்து, பரவியிருக்கான்னு அரைமணி நேரத்துல பாத்து சொல்றாங்களே, அது. ஃப்ரோசன் செக்‌ஷன்னு பேரு. நெட்ல தேடினா ஒண்ணு டாக்டருங்க டாக்டருங்களுக்கு எழுதினது வருது, இல்லன்னா விளம்பரம் வருது, வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தவங்க எழுதினது ஒண்ணும் கெடைக்கல. அதான் நானே எழுதறேன்.

முதல்ல சித்தி கதைய சொல்லிடறேன், ஏன்னா நாங்க இத ஏன் இவ்ளோ துருவித் துருவிக் கேட்டோம்னா அதுக்குக் காரணம் சித்திதான். 2009ல அவங்களுக்கு இதே நோய், வேற ஊர்ல வேற ஆஸ்பத்திரி. கட்டிய எடுத்தாங்க, கூடவே அக்குள்ல ரெண்டு கணு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினாங்க, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்து, கணுல பரவியிருக்கு, திரும்ப வாங்க, அக்குள முழுசா கிளியர் பண்ணணும்னாங்க. தையல் காயறதுக்குள்ள ரெண்டாவது மயக்க ஊசி, ரெண்டாவது ட்யூப், ரெண்டாவது பில்லு. அது கூடப் பரவால்ல, அதுக்கு அப்புறம் வந்ததுதான் பெருசு. அக்குள்ல இருக்கற கணுவ மொத்தமா எடுத்துட்டா கையில இருந்து நீர் இறங்கற வழி கொறஞ்சு போயிடுது, சித்திக்கு ஆறு மாசத்துல வலது கை வீங்க ஆரம்பிச்சுது. இன்னிக்கும் அவங்க ஜாக்கெட் தைக்கக் குடுத்தா டெய்லர்கிட்ட வலது கைக்குத் தனி அளவு குடுக்கணும், இடது கை 11 இஞ்ச்சுனா வலது கை 15 இஞ்ச். கல்யாண வளையல கழட்ட முடியாம வெட்டித்தான் எடுத்தாங்க, வெட்டின அந்த ரெண்டு துண்டையும் கைக்குட்டைல முடிஞ்சு பீரோல வச்சிருக்காங்க. அந்தக் கையில பிரஷர் பாக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, கத்தி பட்டுடக் கூடாதுன்னு பதினஞ்சு வருஷத்துக்கு மேல அந்தக் கைய ஒரு கைக்குழந்தை மாதிரி பாத்துட்டிருக்காங்க.

அதனால அம்மாவுக்கு கட்டி இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கே அவங்க கேட்ட முதல் கேள்வி உயிர் பொழைப்பனான்னு இல்ல, "என் கையும் ராணி கை மாதிரி ஆயிடுமா"ன்னுதான். ராணின்றது சித்தியோட வீட்டுப் பேரு.

அம்மாவுக்கு 58 வயசு. கட்டி 2.6 செ.மீ. அக்குள்ல ஸ்கேன் பாத்ததுல கணு எல்லாம் நார்மலா இருக்குன்னு வந்துச்சு, கைக்கும் ஒண்ணும் தட்டுப்படல. அப்ப எதுக்கு மறுபடி அக்குள்ல கைய வைக்கறீங்கன்னு நான் கேட்டேன். சர்ஜன் ஒரு பேப்பர்ல வரஞ்சு காட்டினார். மார்புல இருந்து வர்ற நிணநீர் நேரா எல்லாக் கணுவுக்கும் போறதில்ல, முதல்ல ஒண்ணு ரெண்டு கணுவுக்குத்தான் போகும், அதுக்கு சென்டினல் நோடுன்னு பேரு, நோய் வெளிய கெளம்புச்சுன்னா அந்தக் கணுவத் தாண்டித்தான் போகணும், அங்க இல்லன்னா பின்னாடி இருக்கறதுல இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, அதனால அந்த முதல் கணுவ மட்டும் எடுத்துப் பாத்துட்டு மத்தத விட்டுடலாம்னார். அம்மா கேட்டுட்டு "எங்க ஊர் எல்லைக் கருப்பன் மாதிரியா சார்"னாங்க. அவரு சிரிக்கல, ஆமாம்மா அதேதான், எவன் வந்தாலும் மொதல்ல அவரத்தானே தாண்டணும்னார். அந்த ஒரு பதில்லயே எனக்கு அந்த டாக்டர் மேல நம்பிக்கை வந்துடுச்சு.

அப்புறம் நானா உக்காந்து படிச்சேன். ஒரு காலத்துல ஹால்ஸ்டெட்னு அமெரிக்க சர்ஜன், 19ஆம் நூற்றாண்டு கடைசியில, மார்பு, அதுக்கு அடியில இருக்கற தசை, அக்குள் கணு எல்லாத்தையும் மொத்தமா எடுத்துடற ஆபரேஷன கொண்டுவந்திருக்கார், அதுதான் பல பத்து வருஷம் உலகம் முழுக்க நடந்திருக்கு. இந்த முதல் கணுவ மட்டும் தேடி எடுக்கற முறை மார்பகப் புற்றுநோய்க்கு வந்ததே 1993, 94லதான். டேவிட் க்ராக்னு ஒருத்தர் கதிரியக்க மருந்த வச்சு கண்டுபிடிச்சார், அடுத்த வருஷமே ஜூலியானோ நீலச் சாயத்த வச்சு பண்ணிக் காட்டினார். அதுக்கப்புறம் 5,600 பெண்களுக்கு மேல சேத்து பி-32னு ஒரு பெரிய ஆய்வு நடத்தினாங்க, முதல் கணு சுத்தமா இருந்தா அக்குள முழுசா எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் உயிர் வாழற நாள்ல வித்தியாசம் இல்லன்னு தெரிஞ்சுது. அத்தன பேர் தங்க உடம்ப ஆய்வுக்குக் குடுத்ததாலதான் எங்கம்மா கை இன்னிக்கு சாதாரணமா இருக்கு, இத நான் அடிக்கடி நெனச்சுக்குவேன்.

சரி, முதல் குறை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு சின்ன டாக்டர் வந்து கன்சென்ட் ஃபார்ம் நீட்டினாங்க. அதுல சென்டினல் கணு எடுக்கறதும், தேவப்பட்டா அக்குள முழுசா எடுக்கறதும் ஒரே வரியில இருக்கு, ஒரே கையெழுத்து. எதப் பாத்து தேவைன்னு முடிவு பண்ணுவீங்க, எத்தன கணுல இருந்தா முழுசா எடுப்பீங்கன்னு கேட்டா, அது சார் தியேட்டர்ல முடிவு பண்ணுவார், நீங்க சைன் பண்ணுங்கன்னாங்க. அம்மா பேனாவ கீழ வச்சுட்டாங்க. நான் பண்ணமாட்டேன், பெரிய டாக்டர் வந்து சொல்லட்டும்னுட்டாங்க. காலைல ஆறரைக்கு சர்ஜன் வந்தார், கோவப்படல, நின்னு பொறுமையா சொன்னார்: ஒண்ணு ரெண்டு கணுல இருந்தா முழுசா எடுக்கமாட்டேன், உங்களுக்கு எப்படியும் ரேடியேஷன் குடுக்கப்போறோம் அது பாத்துக்கும், மூணோ அதுக்கு மேலயோ போச்சுன்னாதான் எடுப்பேன்னார். அதுக்கப்புறம்தான் அம்மா கையெழுத்துப் போட்டாங்க. இந்த ரெண்டு நிமிஷப் பேச்ச முந்தின நாளே பேசியிருந்தா அம்மா அன்னிக்கு ராத்திரி தூங்கியிருப்பாங்க.

ஆபரேஷன் அன்னிக்கு காலைல நியூக்ளியர் மெடிசின் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் மார்புக் காம்ப சுத்தி ஒரு சின்ன ஊசி போட்டாங்க, டெக்னீஷியம்னு கதிரியக்க மருந்து, ஆறு மணி நேரத்துல பாதி வீரியம் போயிடும், பயப்பட வேணாம்னு அங்க இருந்த நர்ஸ் அழகா சொன்னாங்க. அப்புறம் தியேட்டர்ல மயக்கம் குடுத்தப்புறம் நீலச் சாயமும் போட்டு அஞ்சு நிமிஷம் நீவி விடுவாங்களாம். சாயம் எந்தக் கணுவுக்குப் போகுதோ அது நீலமா ஆயிடும், கதிரியக்கம் எதுல சேந்துச்சோ அங்க பேனா மாதிரி ஒரு கருவிய வச்சா பீப் பீப்னு கத்தும். கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேக்கும். ரெண்டு வழியும் சேத்துப் பண்ணினா தவற விடறது குறையும்னாங்க.

எங்கள தியேட்டர் மாடியில வெயிட்டிங் ஹால்ல உக்கார வச்சாங்க. 10:20க்கு தியேட்டர் கதவு திறந்து ஒரு அண்ணன் சின்ன டப்பாவ எடுத்துட்டு வேகமா போனார், ஓடல ஆனா கிட்டத்தட்ட ஓட்டம்தான். டப்பா மேல வெள்ள டேப்புல அம்மா பேரு எழுதியிருந்துச்சு, பேர பாத்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. லேப் அதே மாடியில வராண்டா கடைசியில. இது ரொம்ப முக்கியமான விஷயம், அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. ஃப்ரோசன் பாக்கறதுக்கு கணு பச்சையா போகணும், ஃபார்மலின்ல, அதான் சதைய கெடாம வைக்கற மருந்துத் தண்ணில, போட்டுட்டா கெட்டுச்சு. தியேட்டருக்குப் பக்கத்துலயே லேப் இருந்து, அந்த நேரத்துக்கு பேத்தாலஜிஸ்ட் (சதைய மைக்ராஸ்கோப்ல பாத்து சொல்ற டாக்டர்) உள்ள உக்காந்திருந்தாதான் இந்த சர்வீஸுக்கு அர்த்தம் இருக்கு. எங்க ஊர்ல ஒரு நர்ஸிங் ஹோம்ல எங்ககிட்டயும் பண்ணுவோம்னாங்க, கேட்டா சாம்பிள பைக்ல வெளி லேபுக்கு அனுப்புவாங்களாம், அதுவரைக்கும் ஆள் மயக்கத்துல கெடக்கணும். அங்க வேணாம்னு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொண்ணு, அரைமணி நேரம் டாக்டருங்க சும்மா நிக்கறாங்கன்னு நெனச்சேன், இல்ல. கணுவ முதல்ல எடுத்து அனுப்பிட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் மார்புக் கட்டிய எடுக்கற வேலைய பாத்துட்டு இருப்பாங்க. அதனால மயக்க நேரம் ஒண்ணும் பெருசா கூடல. 10:55க்கு பேத்தாலஜிஸ்ட் இன்டர்காம்ல தியேட்டருக்கு சொல்லிட்டாங்களாம். 11:05க்கு தியேட்டர் சிஸ்டர் வெளிய வந்து அம்மா பேர சொல்லிக் கூப்ட்டு, "மூணு கணு எடுத்தாங்க, பரவல, அக்குள முழுசா எடுக்கல"ன்னாங்க. சித்தி கூட வந்திருந்தாங்க. அந்த வீங்கின கைய இன்னொரு கையால பிடிச்சுட்டு அப்படியே சொவத்துல சாஞ்சு அழுதாங்க. எனக்கு அழுகை வரல, கை கால் எல்லாம் விட்டுப்போன மாதிரி இருந்துச்சு. இந்த சர்வீஸுக்கு ஸ்டார் குடுக்கச் சொன்னா அந்த 11:05க்கு நான் பத்து ஸ்டார் குடுப்பேன். 2009ல சித்தி பத்து நாள் காத்திருந்ததும் இதே பதிலுக்குத்தான்.

அன்னிக்கு சாயங்காலம் அம்மா பாத்ரூம் போயிட்டு வந்து என் கையப் பிடிச்சுட்டு, "கிட்னியும் போச்சு போல இருக்கு, பச்சையா போகுது"ன்னு நடுங்கினாங்க. நானும் போய்ப் பாத்தேன், நிஜமாவே பச்சை, மருதாணி அரைச்ச தண்ணி மாதிரி. பதறி அடிச்சு நர்ஸ் ஸ்டேஷனுக்கு ஓடினா, அங்க இருந்த பொண்ணு நிமிந்து கூடப் பாக்காம "டை குடுத்திருக்காங்கல்ல, அப்படித்தான் போகும்"னாங்க. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லலாமே தாயி. ஒரு நாள், ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. மார்புல சாயம் போட்ட இடத்துல நீலமா ஒரு திட்டு பல மாசம் இருக்கும், அதுக்கும் பயப்படாதீங்க. இது ரெண்டையும் ஒரு துண்டுச் சீட்டுல அச்சடிச்சு கையில குடுத்தா முடிஞ்சுது விஷயம்.

இப்ப பெரிய குறைக்கு வர்றேன், ஒரு ஸ்டார் நான் கொறச்சதே இதுக்குத்தான். எட்டாவது நாள் ஒரு போன், ரிப்போர்ட் கவுன்ட்டர்ல இருந்து. "மேடம் ஃபைனல் ரிப்போர்ட் ரெடி, ஒரு நோடு பாசிட்டிவ் வந்திருக்கு, டாக்டர பாருங்க." அவ்ளோதான், வச்சுட்டாங்க. நான் ஆபீஸ்ல இருந்தேன், அப்படியே தரைல உக்காந்துட்டேன். அன்னிக்கு பரவலன்னு சொன்னீங்களேய்யா, இப்ப பாசிட்டிவ்னா எட்டு நாள்ல பரவிடுச்சா, இல்ல அன்னிக்குத் தப்பா பாத்தீங்களா, இல்ல டப்பா மாறிடுச்சா, என்னென்னவோ ஓடுது மண்டைக்குள்ள. அம்மாகிட்ட சொல்லாம அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் முழிச்சே கெடந்தேன்.

அடுத்த நாள் நான் நேரா லேபுக்கே போயிட்டேன். ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் வேணும், இன்னொரு இடத்துல காட்டப்போறேன்னு கோவமா கேட்டேன். பேத்தாலஜிஸ்ட் ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், உள்ள வாங்கன்னு கூப்ட்டு ஸ்டூல போட்டு உக்கார வச்சாங்க. தாராளமா வாங்கிட்டுப் போங்க, அதுக்கு முன்னாடி இதப் பாருங்கன்னு ஒரு மெஷின காட்டினாங்க. கிரையோஸ்டாட்னு பேரு, கடைல இருக்கற ஐஸ்கிரீம் பெட்டி உசரத்துல இருக்கு, கண்ணாடி மூடி, உள்ள மைனஸ் 20 டிகிரி. கணுவ ரெண்டு மில்லிமீட்டர் கனத்துல வெட்டி, பசை மாதிரி ஒண்ணு ஊத்தி உறைய வச்சு, உள்ள இருக்கற கத்தியில வச்சு சக்கரத்த சுத்தினா முடியவிட சன்னமா ஒரு ஏடு வருது, அத ஒரு சின்ன பிரஷ்ஷால ஒதுக்கி கண்ணாடித் தகட்டுல ஒட்ட வச்சு சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கறாங்க. அவங்க சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு: "அக்குள் கணுவச் சுத்தி கொழுப்பு நிறைய, கொழுப்பு இந்தக் குளிர்ல சரியா உறையாது, வெட்டும்போது கிழியும். உறைஞ்சதுல செல்லு கொஞ்சம் உருவம் மாறித்தான் தெரியும். நான் அரைமணி நேரத்துல ஒரு கணுவுக்கு ரெண்டு மூணு ஏடுதான் பாக்க முடியும். மிச்சத்த ஃபார்மலின்ல போட்டு மெழுகுல பதிச்சு அடுக்கடுக்கா வெட்டிப் பாத்து, சந்தேகம் இருந்தா ஸ்பெஷல் சாயமும் போட்டு, அப்புறம்தான் ஃபைனல் குடுப்பேன். உங்கம்மாவுக்கு இருந்தது 0.8 மில்லிமீட்டர். நான் அன்னிக்கு வெட்டின ஏட்டுல அது இல்ல, அதுக்கு அடுத்த அடுக்குல இருந்துச்சு."

0.8 மில்லிமீட்டர். ஒரு கடுகு அளவு கூட இல்ல. அன்னிக்குத்தான் எனக்குக் கணக்கே புரிஞ்சுது. கணுல இருக்கற பரவல் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இருந்தா அது பெரிய பரவல், 0.2ல இருந்து ரெண்டு வரைக்கும் நுண்பரவல், 0.2க்குக் கீழனா தனிச் செல்லுங்க, அத கணக்குலயே சேக்க மாட்டாங்க. ஃப்ரோசன் இந்தப் பெருச நல்லா பிடிக்கும், சின்னத விட்டுடும். 47 ஆய்வுகள ஒண்ணா சேத்து, 13,000 பேருக்கு மேல, 2011ல ஒரு கணக்கு வந்திருக்கு: பெரிய பரவல்ல நூத்துக்கு 94 பிடிச்சிடுது, நுண்பரவலும் அதுக்குக் கீழயும் வெறும் 40தான். ஆனா இருக்குன்னு சொன்னா கிட்டத்தட்ட எப்பவும் இருக்கும், இல்லாதத இருக்குன்னு சொல்லி அக்குள முழுசா எடுக்க வைக்காது. அதாவது ஃப்ரோசன்ல வர்ற "ஆமா"வ நம்பலாம், "இல்ல"ங்கறத ஃபைனல் வர்ற வரைக்கும் பாதிதான் எடுத்துக்கணும்.

இத யாராவது எங்களுக்கு முன்னாடி சொன்னாங்களா? சொல்லல. தியேட்டர் வாசல்ல அந்த சிஸ்டர் "பரவல"ன்னு சொன்னதுக்குப் பதிலா "இப்பப் பாத்ததுல தெரியல, முழு ரிப்போர்ட் ஒரு வாரத்துல வரும், சின்னதா ஏதாவது வர வாய்ப்பிருக்கு"ன்னு சொல்லியிருந்தா போதும். நாங்க அன்னிக்கும் சந்தோஷப்பட்டிருப்போம், எட்டாவது நாள் நான் தரைல உக்காந்திருக்க மாட்டேன். டெஸ்ட்ல தப்பு இல்ல, அந்த டாக்டரம்மா மேலயும் தப்பு இல்ல, அவங்க வேலைய அவங்க சரியா பண்ணியிருக்காங்க, சொன்ன விதத்துலதான் ஓட்டை. ஒரு குடும்பத்தோட ராத்திரித் தூக்கம் ஒரு வார்த்தைல தொங்குதுன்னு அந்த கவுன்ட்டர்ல இருக்கறவங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும்.

அப்ப மறுபடி ஆபரேஷனான்னு சர்ஜன்கிட்ட கேட்டோம். வேணாம்னார். எல்லா டாக்டரும் சேந்து உக்காந்து பேசற ட்யூமர் போர்டுல வச்சாங்க, அங்கயும் வேணாம்னுதான் முடிவு. காரணமும் சொன்னார், நான் வீட்டுக்கு வந்து அதையும் தேடிப் படிச்சேன். இதே மாதிரி நுண்பரவல் மட்டும் இருந்த 931 பெண்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு அக்குள முழுசா எடுத்து, இன்னொரு பாதிக்கு விட்டு, 2013ல ரிசல்ட் போட்டிருக்காங்க, எடுக்காதவங்களுக்கு ஒரு கெடுதலும் வரல. அதுக்கு முன்னாடியே அமெரிக்கால இசட்-0011னு ஒரு ஆய்வு, 891 பேர், ஒண்ணு ரெண்டு கணுல பரவியிருந்து, கட்டிய மட்டும் எடுத்து ரேடியேஷன் வாங்கினவங்க. பத்து வருஷம் கழிச்சு பாத்தா கணுவ முழுசா எடுத்தவங்கள்ல 83.6 சதவீதம், எடுக்காதவங்கள்ல 86.3 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. ஐரோப்பால அமராஸ்னு ஒண்ணு, அதுல கணுவ எடுக்கறதுக்குப் பதிலா அக்குளுக்கு ரேடியேஷன் குடுத்துப் பாத்தாங்க, அஞ்சாவது வருஷம் கை வீக்கம் எடுத்தவங்களுக்கு 23 சதவீதம், ரேடியேஷன்காரங்களுக்கு 11. சித்திகிட்ட இத சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எனக்கும் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம் இந்த நோயி"ன்னாங்க.

லண்டன்ல இருக்கற அத்தை பொண்ணுகிட்ட இதெல்லாம் போன்ல பேசிட்டிருந்தப்ப, அவளும் அதே ஆபரேஷன் பண்ணினவதான், எனக்கு ஃப்ரோசன் இல்ல ஓஸ்னான்னா. ஜப்பான் சிஸ்மெக்ஸ் கம்பெனியோட மெஷின், எந்த ட்ரீட்மென்ட், டெஸ்ட் நல்லதுன்னு எடை போட்டு சொல்ற இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2013ல இத பயன்படுத்தலாம்னு பரிந்துரை குடுத்திருக்கு. அதுல மைக்ராஸ்கோப்பே கிடையாது. கணுவ முழுசா அரைச்சு, சிகே19ங்கற ஒரு மரபுச் செய்தி எவ்ளோ இருக்குன்னு அளக்கறாங்க, ஆரோக்கியமான கணுல அது இருக்கக் கூடாது, இருந்தா மார்புல இருந்து வந்த செல்லு அங்க குடியிருக்குன்னு அர்த்தம். மைக்ரோலிட்டருக்கு 250 பிரதிக்கு மேல இருந்தா நுண்பரவல், 5,000க்கு மேலனா பெரிய பரவல். அரைமணி, முக்கால் மணில நம்பரா வந்துடும். ஏட்டுல இருக்கா அடுத்த அடுக்குல இருக்கான்ற பிரச்சனையே இல்ல, மொத்தக் கணுவும் உள்ள போயிடுதே, எட்டாவது நாள் போனும் வராது. ஆனா அதுலயும் ஒரு இது இருக்கு, முழுசா அரைச்சுட்டா அப்புறம் மைக்ராஸ்கோப்ல பாக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது, ரெண்டாவது அபிப்பிராயத்துக்கு ஸ்லைடு கேட்டா கெடைக்காது. சில பேரோட கட்டி சிகே19 செய்யாது, அவங்களுக்கு இந்த டெஸ்ட் ஒத்துவராது. எனக்கு ரெண்டுல ஒண்ண எடுன்னா, நுண்பரவலுக்கு மறுபடி ஆபரேஷன் தேவையில்லன்னு ஆனப்புறம், பக்கத்துலயே லேப் இருக்கற நல்ல ஃப்ரோசனே போதும்னு தோணுது. பிளாக்கு பத்திரமா நம்ம கையில இருக்கறது பெரிய தைரியம்.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். உங்க டாக்டர் ஃப்ரோசன் வேணாம்னு சொன்னா உடனே வசதி இல்லாத இடம்னு முடிவு பண்ணிடாதீங்க. கட்டிய மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுக்கற கேஸுல, ஒண்ணு ரெண்டு கணுல இருந்தாலும் முழுசா எடுக்கப்போறதில்லன்னா தியேட்டர்லயே அவசரமா தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு நிறைய டாக்டருங்க இப்ப ஃபைனல் ரிப்போர்ட்டுக்கே காத்திருக்காங்க, அதுலயும் நியாயம் இருக்கு. 2024ல செனோமேக்னு ஒரு ஆய்வுல மார்ப முழுசா எடுத்தவங்களையும் சேத்துப் பாத்திருக்காங்க, அதுலயும் ஒண்ணு ரெண்டு கணுவுக்கு அக்குள விட்டுடலாம்னுதான் வந்துச்சு. 2023ல இத்தாலிக்காரங்க நடத்தின சவுண்ட் ஆய்வுல இன்னும் ஒரு படி மேல போய், ரெண்டு செ.மீ. வரைக்கும் உள்ள கட்டி, ஸ்கேன்ல அக்குள் சுத்தம்னா சென்டினல் கணுவையே எடுக்க வேணாம்னு காட்டியிருக்காங்க. அம்மா கட்டி 2.6, அதனால நாங்க அந்தப் பக்கம் இல்ல. மூணு கணுவோ அதுக்கு மேலயோ இருக்குமோன்ற சந்தேகம் உள்ளவங்க, கீமோ முடிச்சுட்டு ஆபரேஷனுக்கு வர்றவங்க, மறுபடி ஒரு மயக்கத்த உடம்பு தாங்காதவங்க, ஊர்ல இருந்து திரும்ப வர முடியாதவங்க, இவங்களுக்கெல்லாம் அந்த அரைமணி நேரம் ரொம்பப் பெருசு. இத டாக்டர்கிட்ட கேளுங்க, தயங்காதீங்க, என் கேஸுல ஃப்ரோசன் வந்தா நீங்க செய்யறது எது மாறும்னு கேளுங்க.

காசு விஷயம்: எஸ்டிமேட்ல ஃப்ரோசன் சார்ஜ் இல்ல, டிஸ்சார்ஜ் பில்லுல தனி வரியா வந்துச்சு, ஃபைனல் பயாப்ஸி அதுக்குக் கீழ இன்னொரு வரி. இன்சூரன்ஸ்காரங்க ரெண்டும் ஒரே டெஸ்ட்தானேன்னு முதல்ல ஒண்ண நிறுத்தி வச்சாங்க, சர்ஜன் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தப்புறம்தான் விட்டாங்க. அதனால அட்மிஷன் அன்னிக்கே கேட்டு எழுதி வாங்கிடுங்க. வெயிட்டிங் ஹால் சுத்தமா இருந்துச்சு, சேர் போதாது. ரெண்டாவது மாடி கேன்டீன்ல இட்லி நல்லா இருந்துச்சு, அன்னிக்கு சித்தி சாப்பிட்டது அது மட்டும்தான்.

சர்ஜனுக்கு 5, லேபுக்கு 5, அந்த பேத்தாலஜிஸ்ட் அம்மாவுக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டிருக்கேன். நர்ஸ் ஸ்டேஷன், கன்சென்ட், போன்ல சொன்ன விதம் மூணுக்கும் சேத்து 2. மொத்தமா 4 போட்டிருக்கேன்.

அம்மாவுக்கு மூணு வாரம் ரேடியேஷன் முடிஞ்சுது, இப்ப தெனம் ஒரு மாத்திரை. ரெண்டு கையும் ஒரே அளவுல இருக்கு, மாசா மாசம் ஒண்ணாந்தேதி நானே இஞ்ச் டேப் வச்சு முழங்கைக்கு மேலயும் கீழயும் அளந்து காலண்டர்ல எழுதறேன். நீலத் திட்டு இன்னும் லேசா தெரியுது. அடுத்த மாசம் மேமோகிராம், பாத்துட்டு வந்து இதுக்குக் கீழயே எழுதறேன்.